மோதலின் பரப்பளவு

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் சில சொற்கள் எளியவைபோல் முகங்காட்டிப் பின்னர்ப் பழிவாங்கிவிடுவதுண்டு. பௌதிக நூல்களில் இடையறாது வரும் ‘குறுக்குவெட்டு’ என்னும் சொல் அத்தகையது. வெள்ளரிக்காயைக் குறுக்கே நறுக்கினால் தெரிகின்ற வட்டமுகத்தைக் குறுக்குவெட்டு என்கிறோம். அதில் ஐயமில்லை. ஆனால் புரோட்டானை நறுக்கிப் பார்த்தவர் எவர்? கத்தியே நுழையாத இடத்தில் வெட்டு எங்கிருந்து வந்தது? சில ஆண்டுகளுக்கு முன் விஞ்ஞானச் சிறுநூல் ஒன்று நம் மேசைக்கு வந்தபோது, பக்கத்துக்கு நாலைந்து முறை எதிர்ப்பட்ட இச்சொல்லின் முன் பேனாவை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். கலைப் பட்டதாரியாகிய நமக்குக் கணிதம் தூரத்து உறவு. எனினும் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் சொல்லை மாற்ற இயலாதன்றோ? அப்போது தேடிப் படித்து அறிந்தவற்றையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

மழைக்கால இரவு ஒன்றை எண்ணிக்கொள்வோம். 1,000 சதுர அடிப் பரப்புள்ள மொட்டை மாடியில் யாரோ ஒரு பித்தளைச் சொம்பை மறந்து வைத்துவிட்டார்கள். விளக்கில்லை. சொம்பு நம் கண்ணுக்குத் தெரியவில்லை. துளி சொம்புக்குள் விழும்போது எழும் ஓசை மட்டும் கேட்கிறது. மாடி முழுவதும் 10 லட்சம் துளிகள் விழுந்த காலத்தில் சொம்புக்குள் விழுந்தவை 100 என்று எண்ணினோமானால், பத்தாயிரத்துக்கு ஒரு துளி சொம்புக்குச் சென்றது என்று பொருள். ஆகவே சொம்பின் வாய் மாடியின் பரப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு சதுர அடியில் பத்தில் ஒரு பங்கு. தொடாமலும் பார்க்காமலும், எண்ணிக்கையைக் கொண்டே ஒரு பொருளின் பரப்பைக் கண்டுவிட்டோம். அணுவினும் நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று மோதும் வாய்ப்பை விஞ்ஞானிகள் அளக்கும் முறை இதுவே. மோதலுக்கு இலக்காகி நிற்கும் துகள் எவ்வளவு பரப்புள்ளதுபோல் நடந்துகொள்கிறது என்பதே அவர்கள் சொல்லும் குறுக்குவெட்டு. நாம் அதனை ‘மோதற் பரப்பு’ என்று வழங்குவோம். அகராதி வல்லுநர்கள் பொறுத்தருள்க.

‘போல்’ என்ற சொல்லை மேலே வேண்டுமென்றே இட்டோம். மாடியில் சொம்புக்குப் பதிலாக ஒரு காந்தக்கல் கிடக்க, மழைக்குப் பதில் இரும்புத் தூள் பொழிகிறது என்று கொண்டால், காந்தம் தன்னைச் சுற்றிலும் விழும் தூளையும் இழுத்துக்கொள்ளும். எண்ணிக்கை கூடும், கணக்கிட்டால் காந்தம் தன் உடலினும் பன்மடங்கு பெரியதாகத் தோன்றும். மரக்கட்டைத் தூள் பொழிந்தாலோ அந்த விரிவு மறைந்துவிடும். ஆகவே மோதற் பரப்பு என்பது பொருளின் உடலளவன்று. இரு பொருள்களுக்கிடையேயுள்ள உறவின் அளவு. வருகிறவர் யார், எத்தனை வேகத்தில் வருகிறார், என்ன நிகழ்ந்ததை எண்ணுகிறோம் என்பவற்றைப் பொறுத்து ஒரே கருவுக்கு வெவ்வேறு பரப்புகள் உண்டு. ஸெனான் 135 என்னும் அணுக்கரு, மெதுவாக வரும் நியூட்ரானுக்கு, யுரேனியக் கருவின் உடற்பரப்பைக் காட்டிலும் பத்து லட்சம் மடங்குக்கு மேல் பெரிதாக வாய் திறக்கிறது. 1944 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹான்போர்டில் புதிதாக இயக்கப்பெற்ற அணு உலை சில மணி நேரத்தில் தானாகவே அணைந்துபோனதற்கு, உள்ளே பிறந்து சேர்ந்த இந்த ஸெனானே காரணம். எவரும் முன்னரே அளந்திராத ஒரு பரப்பு, மாபெரும் எந்திரத்தை நிறுத்திவிட்டது.

இந்தப் பரப்பை எண்ணிக் கண்டவர்களுள் முன்னோடிகள் மாஞ்செஸ்டரில் ரதர்போர்டின் கீழ்ப் பணிபுரிந்த கெய்கரும் மார்ஸ்டனும் ஆவர். 1909-இல் மார்ஸ்டன் இருபது வயது மாணவர். ரேடியத்திலிருந்து வெளிப்படும் ஆல்பாத் துகள்களை மெல்லிய உலோகத் தகட்டின்மேல் செலுத்தினார்கள். துகள் வந்து விழும் துத்தநாக சல்பைடுத் திரையில் ஒவ்வோர் அடிக்கும் ஊசிமுனை போன்ற ஒளிப்பொட்டு ஒன்று மின்னி மறையும். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, நுண்பெருக்கி வழியே அப்பொட்டுகளை எண்ணுவதே வேலை. ஏறத்தாழ 8,000 துகள்களில் ஒன்று வந்த வழியே திரும்பிற்று. 1911-இல் ரதர்போர்டு இதற்கு விளக்கம் தந்தார்: அணுவின் நிறையெல்லாம் அதன் நடுவில் மிகச் சிறிய இடத்தில் திரண்டிருந்தால், எந்தக் கோணத்தில் எத்தனை துகள்கள் சிதற வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். கெய்கரும் மார்ஸ்டனும் மீண்டும் இருட்டறைக்குள் சென்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்பொட்டுகளை எண்ணி, 1913-இல் அக்கணக்கு சரியென்று வெளியிட்டார்கள். ஒரு சித்திரத்தைக் கற்பித்துக்கொள்வது, அச்சித்திரத்திலிருந்து எண்ணைக் கணிப்பது, பின் இருட்டில் எண்ணிப் பார்ப்பது — இத்துறையில் இன்றளவும் நடைபெறுவது இதுவே. கண்ணின் இடத்தில் கருவி வந்துவிட்டது; அவ்வளவுதான்.

அளவு இருந்தால் அலகு வேண்டும். இந்த அலகின் கதை சுவையானது. 1942 டிசம்பரில், போர்க்கால இரகசிய ஆராய்ச்சியின்போது, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹாலோவே, பேக்கர் என்னும் இருவர் இரவு உணவு அருந்திக்கொண்டே பெயர் தேடினார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரை, ஒன்றுக்குப் பின் 24 பூச்சியங்கள் இட்ட எண்ணால் வகுத்தால் கிடைக்கும் பரப்புக்குப் பெயர் வேண்டும். ஆப்பென்ஹைமரின் பெயரை இடலாமா? நீளம் மிகுதி. பேத்தேயின் பெயரோ பீட்டா என்ற கிரேக்க எழுத்தோடு குழம்பும். நாட்டுப்புறத்தில் வளர்ந்த ஒருவருக்குக் குடியானவர் வீட்டுத் தானியக் கொட்டகை நினைவுக்கு வந்தது. குறி தவறுகிறவனை, கொட்டகைச் சுவரைக்கூட அடிக்கத் தெரியாதவன் என்று கேலி செய்வது அந்நாட்டு வழக்கு. அணுக்கரு உலகில் இப்பரப்பு உண்மையாகவே கொட்டகையளவு பெரியது. யுரேனியக் கருவின் உடற்பரப்பு ஏறத்தாழ அத்துணையே. கொட்டகையின் ஆங்கிலப் பெயரான ‘பார்ன்’ அவ்வாறு அலகாயிற்று. வெளியாருக்கு விளங்காத இரகசியச் சொல்லாகவும் அது பயன்பட்டது. பார்னில் ஆயிரத்தில் ஒன்று மில்லிபார்ன். லட்சம் கோடியில் ஒன்று பிக்கோபார்ன். அதிலும் ஆயிரத்தில் ஒன்று பெம்டோபார்ன். இவற்றைத் தமிழ்ப்படுத்த நாம் முயலவில்லை. ‘களஞ்சியம்’ என்று எழுதியிருந்தால் எவர் நகைப்பார் என்பது தெரிந்ததே.

புரோட்டான் புரோட்டானோடு மோதும் பரப்பு எவ்வளவு? வேகம் மிக மிக இது ஒரு நிலையான எண்ணை அடைந்து நின்றுவிடும் என்று ஒருகாலத்தில் பலரும் எண்ணினர். கூடிக்கொண்டே போகலாம் என்று கூறியவர் சிலர். அவர்கள் சொல்லுக்கு அப்போது மதிப்புக் குறைவு. கூடினாலும் எவ்வளவு விரைவாகக் கூடலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று மட்டும் 1961-இல் பிராய்சார் நிறுவியிருந்தார். 1971-இல் ஜினீவாவில் செர்ன் நிலையத்தில், இரண்டு புரோட்டான் கற்றைகளை எதிரெதிரே ஓடவிட்டு மோதச் செய்யும் முதல் எந்திரம் இயங்கத் தொடங்கிற்று. 1973-இல் அங்குப் பணிபுரிந்த இரு குழுவினர், மோதற் பரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுவதைக் கண்டு வெளியிட்டனர். சுமார் 39 மில்லிபார்னாக இருந்தது 43 ஆயிற்று. வேகம் கூடக் கூடப் புரோட்டான் பருத்துக்கொண்டே போகிறது! பின்னர் அதே செர்னில், 27 கிலோமீட்டர்ச் சுற்றளவுள்ள பெரும் மோதுகருவியில், 13 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் டோட்டெம் என்னும் குழுவினர் அளந்தபோது அது 110.6 மில்லிபார்ன், பிழை எல்லை 3.4.

இவ்வெண்ணைப் பெற்ற வழியைச் சற்று நின்று பார்ப்பது தகும். புரோட்டான்கள் மோதுமிடத்தில் சிதறுவனவற்றையெல்லாம் எண்ணுவது இயலாத காரியம். பல, கற்றைக் குழாயின் வழியே மிகச் சிறிய கோணத்தில் நழுவிப்போகும். ஆனால் ஒளியை மறைக்கும் பொருள் ஒவ்வொன்றும் நிழல் வீழ்த்துவதுபோல, மோதற் பரப்பும் நேர்த்திசையில் ஒரு நிழலை வீழ்த்துகிறது. அந்த நிழலைக் கொண்டு முழுப்பரப்பையும் கணிக்கலாம் என்பது அலைக்கொள்கையின் முடிவு. ஆகவே மோதுமிடத்திலிருந்து 200 மீட்டருக்கு அப்பால், கற்றைக்கு மிக அருகில் நகர்த்தத்தக்க சிறு கலங்களுக்குள் கருவிகளை வைத்து, மயிரிழையளவு திசை மாறிய புரோட்டான்களைப் பிடித்தார்கள். அக்கலங்களுக்கு ‘ரோமானியப் பானை’ என்று பெயர். பழைய ரோமாபுரிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. முதன்முதல் பயன்படுத்திய குழுவில் ரோம் நகரத்தார் இருந்தனர், கலமும் பானை வடிவினது. மொழிபெயர்ப்பாளனைப் படுகுழியில் தள்ளவென்றே பிறக்கும் பெயர்களும் உண்டு.

மாடி எடுத்துக்காட்டில் பெய்த துளிகள் 10 லட்சம் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். மெய்யான பரிசோதனையில் அதனை அறிவதே பெரும்பாடு. மோதுகருவியில் ஒவ்வொரு திரளிலும் ஏறத்தாழ 10,000 கோடி புரோட்டான்கள் உண்டு. இரு திரள்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும்போது மோதுவன சில பத்துகளே. திரளின் அகலம் தலைமயிரின் பருமனிலும் குறைவு. அகலம் தெரியாமல் நெருக்கம் தெரியாது. நெருக்கம் தெரியாமல் பரப்பு தெரியாது. 1968-இல் வான் டெர் மீர் என்னும் டச்சுப் பொறிஞர் ஒரு வழி சொன்னார். ஒரு கற்றையை மற்றதற்கு மேலும் கீழுமாகச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். மோதல்கள் எந்த அளவில் குறைகின்றன என்று எண்ணுங்கள். அந்தக் குறைவிலிருந்தே கற்றையின் பருமன் வெளிப்படும். இருட்டில் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி உள்ளங்கையின் அகலத்தை அறிவதை ஒத்த உபாயம் இது. 2015 முதல் 2018 வரை அட்லஸ் குழுவினர் பெற்ற மொத்த மோதல் வாய்ப்பை இம்முறையைக் கொண்டே அளந்தனர். அதன் பிழை 0.83 சதவீதம்.

அந்த மொத்த வாய்ப்பு ஏறத்தாழ 140 எதிர் பெம்டோபார்ன். எதிர் என்றால் தலைகீழ். இதனை ஒரு நிகழ்ச்சியின் பரப்பால் பெருக்கினால் அது எத்தனை முறை நிகழ்ந்தது என்ற எண் வந்துவிடும். 2012 ஜூலை 4-ஆம் நாள் கண்டறிவிக்கப்பெற்ற ஹிக்ஸ் துகளின் பரப்பு, 13 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டில், சுமார் 55 பிக்கோபார்ன். பெருக்கிப் பாருங்கள்: அந்நான்கு ஆண்டுகளில் அங்கு ஏறத்தாழ 77 லட்சம் ஹிக்ஸ் துகள்கள் பிறந்திருக்கின்றன. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் துகள்களைப் புதிதாய்த் தோற்றுவிக்கும் மோதல்களில் 150 கோடிக்கு ஒன்றே ஹிக்ஸைத் தந்தது. பிறந்தவற்றிலும் பெரும்பகுதி மற்ற சிதறல்களுக்குள் அடையாளமின்றிக் கரைந்துபோயின.

கணிக்கும் பக்கமும் எளிதன்று. புரோட்டான் ஒற்றைத் துகளன்று. குவார்க்குகளும் குளுவான்களும் அடங்கிய ஒரு மூட்டை. மூட்டைக்குள் யார் எத்தனை பங்கு ஆற்றலைச் சுமக்கிறார்கள் என்பதை, 1992 முதல் 2007 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் எலெக்ட்ரான்களை அதன்மேல் மோதவிட்டு அளந்து வைத்தார்கள். அதன்பின் இரு குளுவான்கள் இணைந்து ஹிக்ஸ் பிறக்கும் பரப்பைப் படிப்படியாகக் கணித்தனர். முதற்படிக் கணக்கு இறுதி எண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தந்தது. இரண்டாம் படி அதனை இரட்டிப்புக்கும் மேலாக்கிற்று. மூன்றாம் படியும் கூட்டிற்று. நான்காம் படி 2015-இல் முடிந்தபோதுதான் எண் அடங்கி நின்றது. இத்தனையும் செய்தபின், பிறந்த துகள் கருவிக்குள் எப்படிச் சிதையும், கருவி அதில் எத்தனையைப் பிடிக்கும், எத்தனையைக் கோட்டை விடும் என்பதைக் கணிப்பொறியில் தாயம் உருட்டுவதுபோல் கோடிக்கணக்கான முறை உருட்டிப் பார்க்கிறார்கள். சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்பெற்ற மாண்டி கார்லோவின் பெயரையே இம்முறைக்கு இட்டிருக்கிறார்கள். 2022-இல் அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரு குழுவினரும் வெளியிட்ட அளவுகள் ஏறத்தாழ 6 சதவீதத் துல்லியத்தில் கணிப்போடு பொருந்தின.

பொருத்தம் என்றதும் மகிழ்ந்துவிடலாமா? இங்குதான் நம்மை மிகவும் சிந்திக்கவைத்த வரலாறு ஒன்று உண்டு. நியூட்ரினோ என்னும் துகளின் மோதற் பரப்பு நினைக்கவொண்ணாத அளவு சிறியது. 1934-இல் பேத்தேயும் பயர்ல்ஸும் அதனைக் கணக்கிட்டு, இத்துகளை எவராலும் காண இயலாது என்றே எழுதிவிட்டார்கள். 1956-இல் அமெரிக்காவின் சவன்னா நதிக்கரை அணு உலையருகே ரெய்ன்ஸ், கோவன் என்னும் இருவர் அதனைக் கண்டார்கள். ஜூன் 14-ஆம் நாள், இத்துகளைக் கற்பனை செய்து சொல்லியிருந்த பவுலிக்குத் தந்தி அடித்தார்கள். கண்டோம் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கண்ட மோதற் பரப்பு எதிர்பார்த்த பரப்போடு நன்கு பொருந்துகிறது என்றும் அத்தந்தியில் எண்ணோடு குறித்திருந்தார்கள். சொல்லுக்குச் சொல் காசு கொடுக்க வேண்டிய தந்தியில் ஒரு பரப்பளவு இடம்பெற்றது வேறெங்கேனும் உண்டோ, நாம் கேள்விப்பட்டதில்லை.

மறு ஆண்டே நிலைமை மாறிற்று. மென்விசையில் இடவலச் சமன்மை இல்லை என்பது 1957-இல் பரிசோதனையால் நிலைபெற்றது. அதன் விளைவாக, எதிர்பார்க்க வேண்டிய நியூட்ரினோப் பரப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று. பழைய கணிப்போடு அழகாகப் பொருந்தியிருந்த அளவு, இப்போது பாதியாக நின்றது! ரெய்ன்ஸும் கோவனும் கண்டது நியூட்ரினோவே, அதில் மாற்றமில்லை. ஆனால் கருவி நூற்றுக்கு எத்தனை நிகழ்ச்சிகளைப் பிடிக்கிறது என்று அவர்கள் கொண்ட மதிப்பு மிகுதியாக இருந்துவிட்டது. நூற்றுக்கு இருபது பிடிக்கும் வலையை நாற்பது பிடிப்பதாக எண்ணினால், குளத்தில் உள்ள மீன் பாதியாகத் தெரிவதில் வியப்பென்ன? திருத்திக் கணக்கிட்டு 1960-இல் வெளியிட்ட எண், முந்தியதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. முதலில் செய்த மதிப்பீடு பெருந்தவறு என்பதைப் பிற்காலத்தில் ரெய்ன்ஸே ஒளிவுமறைவின்றி எழுதினார். 1995-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தபோது கோவன் உயிரோடில்லை.

அவர்கள் எண்ணைத் திரித்தார்கள் என்று எவரும் சொல்வதற்கில்லை. எதிர்பார்த்த விடை வந்துவிட்டால் மேலும் துருவிப் பார்க்கும் ஊக்கம் குறைந்துவிடுகிறது. வராவிட்டால் இராப்பகலாய்த் துருவுகிறோம். மொழிபெயர்ப்பில் இது நாம் நாள்தோறும் காணும் உண்மை. ஓசை நயத்தோடு அமைந்துவிட்ட வாக்கியத்தை மூலத்தோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்க்க மனம் வருவதில்லை. பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இக்காரணத்தாலேயே பிற்காலத்துப் பரிசோதனையாளர் பலர், கருவித்திறனையும் கணக்கு முறையையும் முடிவு செய்து உறுதிப்படுத்தும் வரையில் இறுதி எண்ணைத் தாங்களே பாராதபடி மறைத்து வைக்கும் வழக்கத்தை மேற்கொண்டனர்.

நியூட்ரினோவின் பரப்பும் ஆற்றலோடு வளர்வது. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கும் நியூட்ரினோக்கள், அணு உலையிலிருந்து வருவனவற்றைக் காட்டிலும் ஆற்றல் மிக்கவை. ஆகவே பரப்பும் பல்லாயிரம் மடங்கு மிகுதி. மிகமிக உயர்ந்த ஆற்றலில் பூமிப்பந்தே அவற்றைத் தடுக்கத் தொடங்கும். தென் துருவப் பனிக்கட்டிக்குள் கருவிகளைப் புதைத்த ஐஸ்கியூப் குழுவினர், பூமியைத் துளைத்து வருவன எத்தனை குறைகின்றன என்று எண்ணி 2017-இல் அப்பரப்பை அளந்தார்கள். கணிப்பைப்போல் 1.3 மடங்கு வந்தது; பிழை எல்லையை நோக்க அதுவும் பொருத்தமே.

ஆனால் காற்றில் பிறந்த நியூட்ரினோவை முதன்முதல் கண்ட இடங்களில் ஒன்று, நேயர்களில் பலரும் நன்கறிந்த ஊர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று சுரங்கம் வெட்டிய கோலார் தங்கவயலே அது. 1960-களின் தொடக்கத்தில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார், சுரங்கத்தின் ஆழத்தில், காஸ்மிக் கதிரின் மியூவான் துகள்களை எண்ணும் கருவியை வைத்துப் பார்த்தனர். இறங்க இறங்க எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 2,700 மீட்டருக்கும் கீழே இரண்டு மாத காலம் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வேறொருவர் இதனைத் தோல்வி என்று கருதியிருக்கக் கூடும். அவர்களோ, இத்தனை அமைதியான இடத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு மியூவான் வந்தால் அது பாறைக்குள் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே இருக்க வேண்டும் என்று துணிந்தார்கள். மேலிருந்து வரும் மியூவானைப் பாறை விழுங்கிவிடும். பக்கவாட்டில் பூமியையே துளைத்து வர வல்லது நியூட்ரினோ ஒன்றே.

ஜப்பானின் ஒஸாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்துகொண்டனர். ஒளிவீசும் பிளாஸ்டிக் பலகைகளும் நியான் குழாய்களும் சுவர்போல் நிறுத்தப்பெற்ற கருவிகள், தங்கம் ஏறிவரும் அதே கூண்டு வழியில் 2.3 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கின. 1965-இல் பக்கவாட்டு மியூவான்கள் பதிவாயின. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்ன்ஸ் குழுவினரும் கண்டனர். கோலார்ச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. நீரிறைக்கும் எந்திரங்கள் நின்றபின், அந்த அறைகளை நிலத்தடி நீர் நிறைத்துக்கொண்டது.